தண்ணிப் பிரச்சனை

மனை பார்க்க வந்த அன்று
நாங்களும் அதைத்தான் கேட்டோம்:
"இங்க தண்ணிப் பிரச்சனை உண்டுங்களா?"
புரோக்கர் சிரித்தார்.
"பஞ்சமே இல்லீங்க அம்மணி,
நூத்தம்பதடியில ஊத்து."
ஆயிரமடி போட்டும் புகை மட்டுமே வருகிற திருப்பூரில்
அந்தச் சொல்லுக்கே அட்வான்ஸ் கொடுத்தோம்.

சென்ட்டுக்கு எண்பதாயிரம் குறைவு.
ஏன் என்று கேட்கவில்லை.
வாஸ்து கேட்டோம், ஈசானியத்தில் தொட்டி கட்டினோம்.
முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம்,
சுத்தம்.
தண்ணீர் எந்தக் காலத்திலும்
தன் பேரில் பத்திரம் பதிந்ததில்லை.

வளைவில் சொர்ணம் கார்டன் என்று எழுதியிருக்கும்.
டவுன் பஸ் கண்டக்டர் மட்டும்
"கல்லாங்காட்டுப் பள்ளம், எறங்கு" என்பார்.
பள்ளம் என்றால் எங்கள் பக்கம் குழியல்ல,
ஓடை.
தெரியாமல் இல்லை, பெருந்துறையில் பிறந்தவள்தான்.
ஐந்து வருடமாக அந்தப் பெயருக்குத்தான்
தினமும் டிக்கெட் வாங்கினேன்.

லோன் கொடுத்த பாங்கில் இன்சூரன்ஸ் தாளை நீட்டினார்கள்.
தீ, இடி, கலவரம், மேலே விமானம் விழுந்தால்.
"புயல், வெள்ளம் வேண்டாம்னா
எழுநூத்திச் சொச்சம் கொறையுங்க."
"நொய்யல்ல வெள்ளமா?" என்றார் என் வீட்டுக்காரர்.
மூன்று பேரும் சிரித்தோம்.
மிச்சம் பிடித்த காசில்
மிக்சிக்குப் புது ஜார்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி.
இங்கே தூறல்கூட இல்லை, அவிநாசிப் பக்கம் கொட்டியதாம்.
பின்னறையில் வாடகைக்கு இருந்த பிஜய்
சாயங்காலமே சாக்கடையை எட்டிப் பார்த்தான்.
"அக்கா, தண்ணி பின்னால போகுது."
மகாநதிக் கரையில் வளர்ந்தவன்.
சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினான்.
கூடத்து ஓவர்லாக் மிஷின் இரண்டையும்
மாடிக்குத் தூக்கலாமா என்றான்.
நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலைத் தேடி வரவில்லை அது.
கன்னிமூலையில், பாத்ரூம் ஓட்டை வழியாக
எழுந்து நின்றது.
இரண்டு மணிக்கு அந்த மிக்சி ஜார்
கூடத்தில் சுற்றிச் சுற்றி வந்ததைப்
படிக்கட்டிலிருந்து பார்த்தேன்.
வடிந்த பிறகு சுவரில் ஒரு கோடு, லேசான ஊதா.
அந்த வாரம் யாருக்கு எந்தக் கலர் ஆர்டரோ.

பக்கத்து வீட்டுக் கட்டிங் மாஸ்டர் அப்துல் காதர்
வெள்ளத்தை அடிக்காமல் விட்டிருந்தார்.
அவருக்கு சர்வேயர் வந்தார்,
கிரேஸ் என்று ஒரு பெண், தோளில் டேப்.
கட்டடத்துக்கு உண்டு,
கட்டிலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனியாக எழுதியிருக்க வேண்டும்,
தொழில் மிஷின் என்றால் அது வேறு பாலிசி.
மதில் மேல் நின்று எல்லாம் கேட்டேன்.
பிஜயின் பாய்க்கும் போனுக்கும்
எந்தத் தாளிலும் கட்டமே இல்லை.

"எங்க சுவத்தையும் அளங்க" என்றேன்.
"உங்களுக்கு க்ளெய்ம் இல்லீங்களே."
"பரவால்லீங்க."
சித்த நேரம் யோசித்துவிட்டு வந்து அளந்தார்.
மூன்றடி ஐந்தங்குலம்.
காதர் வீட்டைவிட
இரண்டங்குலம் அதிகம்.

இந்த வருடம் எழுநூறை ஆயிரத்து நூறாக்கிவிட்டார்கள்.
கட்டினேன்.
முன்பு வெள்ளம் வந்ததுண்டா என்ற இடத்தில்
"இல்லைன்னு போடுங்கக்கா" என்றான் ஏஜெண்ட்.
உண்டு என்றே போட்டேன்.
பேனா ஒருமுறை மக்கர் செய்தது.

எதிர்வீடு விலைக்கு வந்திருக்கிறது.
புட்டி பார்த்து, மாம்பழ மஞ்சள் அடித்து,
வீடு பளிச்சென்று இருக்கிறது.
நேற்று ஒரு ஜோடி வந்தது,
அவள் கையில் காம்பஸ், வயிற்றில் ஏழு மாதம் இருக்கும்.
புரோக்கர் அதே ஆள்தான்.
தெருவைத் தாண்டி வந்து என்னிடம் கேட்டாள்:
"அக்கா, இங்க தண்ணிப் பிரச்சனை உண்டுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார்.
நான் அவளை உள்ளே கூப்பிட்டு,
ஒரு கை பிடிக்கச் சொல்லிப்
பிஜயையும் கூப்பிட்டு
பீரோவைக் கொஞ்சம் நகர்த்தினேன்.